ஐந்தாம் அத்தியாயம்: சராசரி – பொருளும் பிரயோகமும்

புள்ளிவிவர சாஸ்திரத்துக்கு உரிய சொற்களுள், அந்தச் சாஸ்திரத்தைப் பயின்றறியாதவர் நாவிலும் நாள்தோறும் புழங்குவது ‘சராசரி’ என்ற ஒரு சொல்லே எனலாம். மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் தானா ராத்தாவையும் அதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் எடுத்துக்கொண்டால், ஆளுக்குச் சராசரி எத்தனை கிலோ கொழுந்து வந்தது என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கேட்பதும், பள்ளியின் சராசரித் தரம் இவ்வாண்டு எப்படி என்று பெற்றோர் விசாரிப்பதும், மலையின் சராசரி வெப்பம் 18 டிகிரி என்று சுற்றுலாத் தாள்கள் சொல்லுவதும், குடும்பங்களின் சராசரி வருமானம் உயர்ந்திருக்கிறது என்று அரசாங்க அறிக்கை தெரிவிப்பதும் இந்த ஒரு சொல்லைக் கொண்டே நடைபெறுகின்றன. ஆனால் அந்த நான்கு இடங்களிலும் அச்சொல் ஒரே காரியத்தைச் செய்வதாக எண்ணிவிடுகிறவர், சம்பளத்திலும், குளிருக்கு எடுத்து வைக்கும் துணியிலும், பிள்ளையின் படிப்பைப் பற்றிய தீர்ப்பிலும் நஷ்டப்பட இடமுண்டு.

மலாய் மொழியில் ‘தானா’ என்பது நிலம். ‘ராத்தா’ என்பது சமம். மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் மலைத்தொடரில் சற்றே சமமாக விரிந்த தரையாதலால் இவ்வூருக்கு அப்பெயர் வாய்த்தது. அரசாங்கத் தாள்களில் சராசரிக்கு வழங்கும் ‘பூராத்தா’ என்ற சொல்லிலும் அதே ‘ராத்தா’ நிற்கிறது. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் இட்டுத் தரையை நிரவினால் எந்த மட்டம் வருமோ அதுவே சராசரி என்று கொண்டால் இலக்கணம் பிழையில்லாமல் அமையும். நிரவிய பிறகு மேடு எவ்வளவு இருந்தது, பள்ளம் எவ்வளவு இருந்தது என்ற செய்தி மறைந்துவிடும் என்பதும் உடன் விளங்கும்.

இந்த அத்தியாயம் வாசகருக்குக் கற்பிக்க விரும்புவது ஒன்றே. சராசரி என்பது ஒரு வகுத்தலின் விடை. வகுத்தல் என்று வந்துவிட்டால் வகுக்கப்பட்டது எது, எதனால் வகுத்தார்கள் என்ற இரண்டு கேள்விகளும் உடன்வருவன. அவ்விரண்டையும் கேளாமல் விடையை மாத்திரம் ஏற்றுக்கொள்வதே இச்சொல்லால் விளையும் பெரும்பாலான ஏமாற்றங்களுக்கு மூலகாரணம்.

கணக்கிடும் முறை

எண்களையெல்லாம் கூட்டி, எத்தனை எண்கள் என்று பார்த்து, அத்தொகையால் வகுப்பதே சராசரி காணும் சாதாரண முறை. உதாரணத்துக்காக, கையால் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்மணி ஒரு வாரத்தின் ஆறு வேலை நாட்களில் நிறுவையில் காட்டிய எடைகள் 38, 42, 40, 12, 44, 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்காவது நாள் பிற்பகல் முழுவதும் மழை. வேலை பாதியில் நின்றுவிட்டது. கூட்டினால் 216, ஆறால் வகுத்தால் 36. ஆகவே அவருடைய வாரச் சராசரி நாளொன்றுக்கு 36 கிலோ.

விடை சரியானதுதான்; ஆனால் அதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அந்த ஆறு நாட்களில் எந்த நாளிலும் அவர் 36 கிலோ பறிக்கவில்லை. ஐந்து நாட்களில் அதற்கு மேலும், ஒரே ஒரு நாளில் அதற்கு வெகு கீழும் பறித்திருக்கிறார். வானம் செய்த குறை ஒரு நாளுக்கு உரியது; வகுத்தல் அதை ஆறு நாட்களுக்கும் பங்கிட்டுவிட்டது. இந்த 36 என்ற எண்ணை மட்டும் ஏட்டில் பார்க்கும் மேலதிகாரி, இவர் தினந்தோறும் கொஞ்சம் மந்தமாக வேலை செய்கிறவர் என்று முடிவு கட்டுவாரானால், அந்த அநியாயத்துக்குக் கணக்குப் பொறுப்பல்ல, கணக்கைப் படித்த விதமே பொறுப்பு.

நடு எண், முகடு, வீச்சு

இப்படிப்பட்ட சந்தர்ப்பங்களுக்காகவே சராசரிக்குத் துணையாக வேறு மூன்று அளவுகளைச் சாஸ்திரக்காரர்கள் அமைத்திருக்கிறார்கள். எடைகளைச் சிறியது முதல் பெரியது வரை வரிசைப்படுத்தி – 12, 38, 40, 40, 42, 44 – நடுவில் நிற்பதை எடுத்தால் அது நடு எண். எண்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்குமானால் நடுவிலுள்ள இரண்டைக் கூட்டிப் பாதியாக்க வேண்டும். இங்கே அது 40. அதிகத் தடவை வந்த எண் முகடு. அதுவும் இங்கே 40. மிகப் பெரியதிலிருந்து மிகச் சிறியதைக் கழித்தால் வருவது வீச்சு, அது 32. சராசரி 36, நடு எண் 40, வீச்சு 32 என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால், இந்தப் பெண்மணி வழக்கமாக நாற்பது கிலோ பறிக்கிறவர், ஏதோ ஒரு நாள் அசம்பாவிதம் நேர்ந்திருக்கிறது என்ற உண்மை, ஏட்டைப் பார்ப்பவர் எவருக்கும் தெரிந்துவிடும்.

பெயர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நடு எண்ணை ‘இடைநிலை’ என்று அழைக்கின்றன. இலங்கைப் பாடநூல்களோ அதை ‘இடையம்’ என்றும், நாம் சராசரி என்று கூறுவதை ‘இடை’ என்றும், முகட்டை ‘ஆகாரம்’ என்றும் வழங்குகின்றன. இரு நாட்டு நூல்களையும் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் மலேசியப் பெற்றோர் இந்த வேற்றுமையை நினைவில் வைத்துக்கொள்வது அவசியம். அரசாங்கத்தின் மலாய் அறிக்கைகளில் நடு எண்ணுக்கு ‘பெனெங்ஙா’ என்ற சொல் வரும்.

அந்தச் சொல்லைக் கண்டால் கவனமாகப் படிக்க வேண்டும் என்பதற்கு மலேசியப் புள்ளிவிவரத் துறையின் குடும்ப வருமான ஆய்வே தக்க சான்று. 2022ஆம் ஆண்டுக்கான அந்த ஆய்வில், நாட்டுக் குடும்பங்களின் சராசரி மாத வருமானம் 8,479 ரிங்கிட். நடு எண்ணோ 6,338 ரிங்கிட். இரண்டுக்கும் இடையே இரண்டாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் வித்தியாசம். 6,338 என்பது, நாட்டுக் குடும்பங்களில் சரிபாதி அந்த ஆண்டில் அதற்குக் கீழே வருமானம் பெற்றன என்று தெரிவிக்கும் எண். 8,479 என்பது, மேல்தட்டிலிருக்கும் சிலருடைய பெரும் வருமானங்களும் கலந்து எல்லார் தலையிலும் சமமாக நிரவப்பட்ட எண். ஆகவே, அந்த ஆண்டில் மாதம் ஏழாயிரம் ரிங்கிட் ஈட்டிய குடும்பம் ஒன்று ‘நாம் சராசரிக்கும் கீழே இருக்கிறோமே’ என்று மனம் வருந்தியிருந்தால், அது நாட்டின் பாதிக் குடும்பங்களுக்கு மேலே நின்றுகொண்டு வருந்தியது என்றே அர்த்தம்.

எதனால் வகுப்பது?

இனி, தோட்டத் தொழிலாளருக்கு நேரடியான லாபநஷ்டம் உண்டாக்கும் விஷயத்துக்கு வருவோம். கிலோவுக்கு இவ்வளவு என்ற கணக்கில் கூலி பெறுகிறவருக்கு, வேலை செய்யாத ஒரு பொது விடுமுறை நாளுக்குச் சம்பளம் தர வேண்டுமென்றால், அந்த நாளுக்கு எவ்வளவு தருவது? அன்று அவர் கொழுந்து பறிக்கவில்லை; எடை இல்லை; எடை இல்லாதபோது கூலியும் இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் தீபகற்ப மலேசியாவில் நடைமுறையிலுள்ள 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், ஆண்டுக்கு 11 பொது விடுமுறை நாட்களுக்குச் சம்பளம் அளிக்கச் சொல்லுகிறது. இந்தச் சிக்கலைச் சட்டம் சராசரியைக் கொண்டே தீர்க்கிறது. முந்திய சம்பளக் காலத்தில் அந்தத் தொழிலாளி ஈட்டிய கூலியை, அந்தக் காலத்தில் அவர் உண்மையாக வேலை செய்த நாட்களின் தொகையால் வகுத்து வரும் விடையே அவருடைய சாதாரண நாட்கூலி என்பது சட்டத்தின் நிர்ணயம். ஓய்வு நாளிலும் பொது விடுமுறையிலும் செய்த வேலையின் கூலியும் அந்நாட்களும் இந்தக் கணக்கில் சேர்வதில்லை.

இங்கே ‘உண்மையாக வேலை செய்த நாட்கள்’ என்ற தொடரில்தான் சூக்ஷ்மம் இருக்கிறது. ஒருவர் முந்திய மாதத்தில் 24 நாள் வேலை செய்து 1,800 ரிங்கிட் ஈட்டினார் என்று கொள்வோம். 24ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 75 ரிங்கிட். மாதச் சம்பளக்காரருக்கு அதே சட்டம் வகுத்திருக்கும் 26 என்ற எண்ணைத் தவறுதலாக இவருக்கும் பயன்படுத்தினால் 69 ரிங்கிட் 23 காசு. மாதத்துக்கு முப்பது நாள்தானே என்று 30ஆல் வகுத்துவிட்டால் 60 ரிங்கிட்டே வரும். ஈட்டிய தொகை ஒன்றே. வகுத்தவர் கையிலிருந்த எண் மாறியதால் ஒரு நாளுக்குப் பதினைந்து ரிங்கிட் மறைந்துவிட்டது. மூன்று விடைகளுமே கணிதப்படி ‘சராசரி’தான், சட்டப்படி சரியானது ஒன்றுதான். இப்படி மறைகிற பணத்தைத் திருட்டு என்று சொல்ல முடியாத சந்தர்ப்பங்களும் உண்டு, கணக்கெழுதும் கிராணியின் அறியாமையே காரணமாக இருக்கலாம்; என்றாலும் இழப்பு இழப்புத்தான்.

வேலையில் விபத்து நேர்ந்தவருக்கும் இந்தச் சொல்லே ஜீவனோபாயம் ஆகிறது. ‘பெர்கேசோ’ என்று நாம் அழைக்கும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், 1969ஆம் ஆண்டின் சட்டப்படி, தற்காலிகமாக வேலை செய்ய இயலாது போனவருக்கு அவருடைய சராசரி நாட்கூலியில் 80 சதவீதத்தைத் தினப்படியாகக் கொடுக்கிறது. அந்தச் சராசரி, விபத்துக்கு முந்திய ஆறு மாத காலத்துச் சந்தாக்களை ஆதாரமாகக் கொண்டு காணப்படுவது. முதலாளி ஏதோ ஒரு மாதத்தில் உண்மைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டிச் சந்தா கட்டியிருந்தால், அப்போது பொருட்படுத்தாமல் விட்ட அந்த வித்தியாசம், அடிபட்டுப் படுத்திருக்கும் காலத்தில் சராசரியின் வழியே வந்து சேரும். ஆகையால் மாதந்தோறும் சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்தி வைப்பதை வீண் சிரமமாக எவரும் கருத வேண்டாம்.

சராசரிகளின் சராசரி

படித்தவர்களும் சகஜமாக இடறும் இடம் ஒன்றுண்டு. ஒரு தோட்டத்தில் கத்தரியால் கொழுந்து வெட்டும் 10 பேருக்கு ஆளுக்குச் சராசரி 120 கிலோ. கையால் பறிக்கும் 30 பேருக்கு ஆளுக்குச் சராசரி 40 கிலோ. ஆக மொத்தம் ஆளுக்குச் சராசரி என்ன? நூற்றிருபதையும் நாற்பதையும் கூட்டி இரண்டால் வகுத்து 80 என்று விடை சொல்லுவோரே பலர். அது பிழை. பத்துப் பேர் வெட்டியது 1,200 கிலோ. முப்பது பேர் பறித்ததும் 1,200 கிலோ. மொத்தம் 2,400 கிலோவை நாற்பது பேரால் வகுத்தால் 60 கிலோவே வரும். சிறு கூட்டத்துக்கும் பெருங்கூட்டத்துக்கும் சமமான மதிப்புக் கொடுத்ததால் இருபது கிலோ பொய் முளைத்துவிட்டது. பல கூட்டங்களின் சராசரிகளை ஒன்றாக்க வேண்டி வந்தால், ஒவ்வொரு சராசரியையும் அதற்குரிய ஆட்களின் தொகையால் பெருக்கி, முதலில் மொத்தத்துக்குப் போய், பிறகே வகுக்க வேண்டும். மொத்தத்துக்குத் திரும்பிப் போக வழியில்லாத சராசரிகளைக் கலக்கவே கூடாது.

சராசரி நன்மை செய்யும் இடம்

இவ்வளவும் கேட்ட பின், சராசரியே ஏமாற்று வித்தை என்று வாசகர் எண்ணிவிடலாகாது. தனித்தனி நாட்களின் ஏற்றத்தாழ்வு முக்கியமில்லாமல், நீண்ட காலத்து மொத்தமே முக்கியமாகும் இடத்தில் அதற்கு நிகரான கருவி வேறில்லை. பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் நீர்; அதை வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, உலர்த்தித் தூளாக்கும்போது நான்கரை முதல் ஐந்து கிலோ கொழுந்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தேயிலை கிடைக்கிறது. மழையில் நனைந்து வந்த கொழுந்துக்கு ஒரு கணக்கு, வெயில் நாளில் வந்ததற்கு ஒரு கணக்கு என்று தினம் மாறினாலும், பல மாதங்களைச் சேர்த்துப் பார்க்கையில் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் தொடங்கிய போ தேயிலை நிறுவனம் ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் கிலோ தேயிலை உற்பத்தி செய்வதாகச் சொல்லப்படுகிறது. அத்தனை தேயிலைக்கு 180 முதல் 200 லட்சம் கிலோ வரை பச்சைக் கொழுந்து தேவை என்று, ஒரு கொழுந்தையும் கண்ணால் பாராமலே நாம் இங்கிருந்து கணக்கிட முடிகிறதென்றால், அது சராசரியின் உபகாரமே.

வானிலையும் வீச்சும்

மொத்தத்துக்கு நல்லதாயிருக்கும் இந்தக் கருவி, ஒரு தனி நாளின் ஆபத்தை அளக்கப் புகுந்தால் விபரீதமாகும். வானிலை அறிஞர்கள் ஓர் இடத்தின் ‘வழக்கமான’ வெப்பத்தையும் மழையையும் முப்பது ஆண்டுப் பதிவுகளின் சராசரியாகக் காண்கிறார்கள். தானா ராத்தாவின் சராசரி வெப்பம் 18 டிகிரி செல்சியஸ் என்பதைப் படித்து, மெல்லிய சட்டை போதுமென்று பெட்டி கட்டுகிறவர், 1978 பிப்ரவரி 1ஆம் நாள் கேமரன் மலையில் வெப்பம் 7.8 டிகிரிக்கு இறங்கியது என்பதையும் அறிந்திருப்பது நலம். மலேசியாவில் பதிவானவற்றுள் அதுவே மிகக் குறைந்தது.

மழையோ இன்னும் தெளிவான பாடம் புகட்டுவது. தானா ராத்தாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை என்பதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 225 மில்லிமீட்டர் ஆகிறது. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அதில் ஏறத்தாழப் பாதியே பெய்கிறது; அக்டோபர், நவம்பர் மாதங்களிலோ அதைவிட மிகுதியாகப் பெய்கிறது. கீரையும் ஸ்ட்ராபெரியும் பயிரிடுகிறவர் 225 என்ற எண்ணை நம்பி வாய்க்கால் வெட்டினால், தை மாதத்தில் வாய்க்கால் வறண்டிருக்கும். ஐப்பசியில் உடைத்துக்கொண்டு போகும்.

2013 அக்டோபர் 23 அன்று பின்னிரவில், கனமழையால் நிரம்பிய, கேமரன் மலையின் ரிங்லெட்டிலுள்ள சுல்தான் அபூ பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் குடியிருந்த மக்களின் வீடுகள் சேற்று வெள்ளத்தில் அகப்பட்டு உயிர்ச்சேதமும் உண்டாயிற்று. ஆற்றோரத்தில் குடியிருப்பவருக்கு வேண்டியது சராசரி மழையல்ல. இதுவரை பெய்தவற்றுள் பெருமழை எது, ஆறு எந்த மட்டம் வரை ஏறியது என்ற செய்திகளே. வீடு கட்டுகிறவர், பாலம் போடுகிறவர், மலைச்சரிவை வெட்டுகிறவர் யாராயினும் சராசரியை ஒதுக்கிவைத்து, உச்சத்தையும் வீச்சையும் கேட்டறிய வேண்டும்.

பள்ளியின் சராசரித் தரம்

பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய பேச்சில் இச்சொல் வரும்போது இரண்டு விஷயங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, எண் ஏறினால் நல்லதா, இறங்கினால் நல்லதா என்பது. மலேசியக் கல்விச் சான்றிதழ்த் தேர்வாகிய எஸ்.பி.எம்.மில், ஏ கூட்டல் என்ற மிக உயர்ந்த தரத்துக்குச் சுழி என்றும், தோல்வியைக் குறிக்கும் ஜி என்ற தரத்துக்கு 9 என்றும் மதிப்பிட்டுத் தேசியச் சராசரித் தரம் காண்கிறார்கள். 2023ஆம் ஆண்டுத் தேர்வுக்கு 4.60 ஆக இருந்தது, 2024ஆம் ஆண்டுத் தேர்வுக்கு 4.49 ஆயிற்று, அதாவது எண் குறைந்தது, தேர்ச்சி உயர்ந்தது. 2021இல் கைவிடப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தொடக்கப்பள்ளித் தேர்விலும் பள்ளியின் சராசரித் தரத்தை இப்படியே குறைந்தால் நன்று என்ற முறையில்தான் கணித்து வந்தார்கள்.

இரண்டாவது, எத்தனை பிள்ளைகள் தேர்வு எழுதினார்கள் என்பது. எஸ்.பி.எம். எழுதும் ஒரு சிறிய பள்ளியில் ஒரு பாடத்துக்கு ஐந்தாறு பிள்ளைகளே இருக்கலாம். ஆறு பேர் எழுதிய ஒரு பாடத்தில் ஐந்து பேர் 4 என்ற தரத்தையும், நோய்வாய்ப்பட்டிருந்த ஒரு பிள்ளை மாத்திரம் 9 என்ற தரத்தையும் பெற்றால், சராசரி 4.83 ஆகிவிடும். பட்டணத்துப் பள்ளியில் 120 பேர் எழுதி, 119 பேர் 4 பெற்று, ஒருவர் மட்டும் 9 பெற்றால், சராசரி 4.04 ஆகத்தான் மாறும். ஒரே பிள்ளையின் ஒரே காய்ச்சல் ஒரு பள்ளியை மாவட்டப் பட்டியலில் பல படிகள் கீழே தள்ளுகிறது. மற்றொரு பள்ளியை அசைப்பதுகூட இல்லை. சிறிய பள்ளிகள் ஓர் ஆண்டு பட்டியலின் தலைப்பிலும் அடுத்த ஆண்டு அடியிலும் தென்படுவதற்கு, ஆசிரியரின் திறமை திடீரென்று ஏறி இறங்கியது காரணமாக இருக்க வேண்டியதில்லை. எண்ணிக்கையின் சிறுமையே பெரும்பாலும் போதிய காரணம். ஆதலால் சிறு பள்ளியை மதிப்பிட விரும்புகிறவர் ஐந்தாறு ஆண்டுகளின் பிள்ளைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரே சராசரி காண்பது நியாயமான முறை.

பேச்சுவழக்கில் சராசரி மனிதன்

பேச்சுவழக்கில் இச்சொல் கணக்கை விட்டு வெகுதூரம் போய்விடுகிறது. ‘சராசரியாகப் படிக்கிறான்’ என்றால் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை என்ற அபிப்பிராயமும், ‘சராசரிக்குக் கீழே’ என்றால் ஏதோ குற்றம் செய்துவிட்டதைப் போன்ற தொனியும் கேட்கின்றன. நடு எண்ணிலோ அதற்குக் கீழோ பாதிப் பேராவது இருந்தே தீருவார்கள். அது அளவின் இலக்கணமேயன்றி அவர்களுடைய இழிவன்று. ‘எங்கள் வகுப்பில் எல்லாருமே சராசரிக்கு மேல்’ என்று அந்த வகுப்பின் சராசரியையே வைத்துக்கொண்டு பெருமை பேசுவது நடவாத காரியம். ஆயினும் ஆறில் ஐந்து பங்கு சராசரிக்கு மேலிருப்பது நடக்கக் கூடியதே என்பதை முதலில் பார்த்த கொழுந்துக் கணக்கு காட்டியது.

‘சராசரி மனிதன்’ என்ற தொடருக்கும் ஒரு சரித்திரம் உண்டு. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெத்தலே என்ற அறிஞர் 1835இல் வெளியிட்ட நூலில், மனிதர்களின் உயரம், எடை, குணவிசேஷங்கள் முதலியவற்றின் சராசரிகளைக் கொண்டு அப்படி ஒரு கற்பனை மனிதனைப் படைத்தார். அந்த மனிதன் புத்தகத்திலேயே இருந்திருந்தால் கெடுதல் இல்லை. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து மலாயாவில், இந்தியத் தோட்டத் தொழிலாளிக்கு அரிசிக்கு இவ்வளவு, துணிக்கு இவ்வளவு என்று மாதிரிச் செலவுப் பட்டியல் ஒன்றைக் கட்டி, அதை ஆதாரமாகக் கொண்டு ஆணுக்கு ஒரு நாட்கூலியும் பெண்ணுக்கு அதிலும் குறைந்த நாட்கூலியும் நிர்ணயித்தார்கள். 1936ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசாங்கத்தின் சார்பில் வந்து நிலைமையை ஆராய்ந்த வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரியார் அடுத்த ஆண்டில் வெளியிட்ட அறிக்கையிலும் இந்தக் கூலிப் பிரச்சினை முக்கிய இடம் பெற்றது. பட்டியலில் இருந்தவன் ஒரு மாதிரித் தொழிலாளி. தோட்டக் குடியிருப்பாகிய லயத்தில் இருந்தவர்களோ, நான்கு குழந்தைகளை உடையவர், முதிய தாயைக் காப்பவர், நோயாளிக் கணவனோடு குடித்தனம் நடத்துபவர் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம். எவருக்கும் பொருந்தாத ஒரு மனிதனுக்காகத் தைத்த சட்டையை எல்லாரும் உடுத்த வேண்டியதாயிற்று. மனிதர்களைப் பற்றிய திட்டம் எதுவாயினும், சராசரியைக் கண்ட பின், அதற்கு வெகு கீழே நிற்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பதே முறை.

கைக்கொள்ளும் விதிகள்

மேலே கூறியவற்றைச் சுருக்கித் தருகிறோம்.

1. சராசரி என்று எவர் சொன்னாலும், எதைக் கூட்டினார்கள், எதனால் வகுத்தார்கள் என்று கேட்க வேண்டும்.

2. நீண்ட காலத்து மொத்தம் வேண்டுமானால் சராசரியை நம்பலாம். நடுத்தரமான ஓர் ஆளின் நிலை தெரிய வேண்டுமானால் நடு எண்ணைக் கேட்க வேண்டும். ஒரு தனி நாளின் ஆபத்து முக்கியமானால் உச்சத்தையும் வீச்சையும் கேட்க வேண்டும்.

3. எத்தனை பேரிலிருந்து, எத்தனை நாட்களிலிருந்து கண்ட சராசரி என்பதைப் பார்க்காமல் இரண்டு சராசரிகளை ஒப்பிடலாகாது.

4. சராசரிகளைக் கூட்டி வகுக்கலாகாது; மொத்தத்துக்குத் திரும்பிப் போய் வகுக்க வேண்டும்.

5. எண் ஏறுவது நன்றா, இறங்குவது நன்றா என்று முதலில் தெளிய வேண்டும்.

பயிற்சி

ஒன்று: தானா ராத்தாவில் சிற்றுண்டிக் கடை வைத்திருப்பவருக்கு வார நாட்கள் ஐந்திலும் நாளொன்றுக்கு 200 ரிங்கிட்டும், சனி ஞாயிறுகளில் நாளொன்றுக்கு 900 ரிங்கிட்டும் வியாபாரம் ஆகிறது. சராசரி என்ன? அதை வைத்துத் தினசரி மாவு அரைக்கலாமா? விடை: மொத்தம் 2,800, ஏழால் வகுத்தால் 400. மாத வாடகை கட்ட முடியுமா என்று பார்க்க இந்த எண் உதவும். மாவு அரைக்க உதவாது, ஏனெனில் 400 ரிங்கிட் வியாபாரம் நடக்கும் நாள் ஒன்றுகூட இல்லை. ஐந்து நாள் மாவு மிஞ்சிப் புளிக்கும். இரண்டு நாள் வாடிக்கையாளர் திரும்பிப் போவார்கள்.

இரண்டு: கிலோக் கணக்கில் கூலி பெறும் ஒருவர் சென்ற மாதம் 22 நாள் வேலை செய்து 1,760 ரிங்கிட் ஈட்டினார். இம்மாதப் பொது விடுமுறை நாளுக்கு அவருக்கு 67 ரிங்கிட் 69 காசு தரப்பட்டது. கணக்குச் சரியா? விடை: சரியன்று. 26ஆல் வகுத்திருக்கிறார்கள், அவருக்கு 22ஆல் வகுத்து 80 ரிங்கிட் தர வேண்டும்.

சம்பளச் சீட்டோ, பள்ளி அறிக்கையோ, செய்தித்தாளோ, எதில் சராசரி என்று ஓர் எண் கண்ணில் பட்டாலும், பென்சிலை எடுத்து அதன் பக்கத்தில் வகுத்த எண் எது என்பதை எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் கணக்கெழுதியவரைக் கேளுங்கள்; தோட்ட ஆபீசில் கிராணியிடமும், அங்கே திருப்தி ஏற்படாவிட்டால் தொழிலாளர் இலாகாவிலும் கேட்கலாம். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவன்று, உழைத்தவரின் உரிமை.